சன்மைக்காவுக்கு அடியில்

பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்கு அது 'ஃபோர்மிக்கா'. மயிலாப்பூர் கடைகளில் சன்மைக்கா. மின்சாரக் கருவிகளில் மைக்காவுக்கு, அதாவது நம் காக்காப்பொன்னுக்கு, மாற்றாக வந்த பொருள். 1913-இல் சின்சினாட்டியில் தொடங்கிய கம்பெனி 'ஃபார் மைக்கா' என்பதையே பெயராக்கிக்கொண்டது. உள்ளே இருப்பதோ பிசினில் தோய்த்து, சூடாக்கி அழுத்திய காகித அடுக்குகள்.

எங்கள் ஃபிளாட்டில் வாஷ்பேசினுக்குக் கீழே அந்தச் சன்மைக்கா ஒட்டிய அலமாரி, முப்பது வருஷத்துப் பழசு. "பிடுங்கிட்டுப் புதுசு போட்டுடலாம்ப்பா" என்றான் மகன். பென்ஷனில் மருந்துக்கே முதல் பங்கு. முழங்கால் ஆபரேஷன் ஆன மனைவிக்கு இருக்கும் ஒரே குளியலறையைப் பத்து நாள் உடைத்துப் போட முடியுமா?

ஆசாரியை வரச் சொன்னேன். அவர் குனிந்து அடிப்பலகையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். "சன்மைக்காவுக்குத் தண்ணியால ஒண்ணும் ஆகாது சார். ஓரத்துலயும் அடியிலயும்தான் ஏறும். பலகை உப்பியிருந்தா பெயிண்ட் அடிக்கிறது தண்டம்."

எங்களுடையது பிளைவுட், கெட்டியாகவே இருந்தது. முதலில் கசிந்த பைப்பின் வாஷரை மாற்றினார். போர் தண்ணீர்க் கறையைச் சுரண்டி, 120 நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்தார். இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடுமாம். வழுவழுப்பான பரப்பில் பிடிக்கும் பிரைமர், அதன்மேல் எனாமல் இரண்டு கோட்டிங், நடுவே ஒரு நாள் காயவிட்டு. ஓரங்களுக்குச் சிலிக்கான், கதவுக்குப் புதுக் கைப்பிடி. பேசின் இருந்த இடத்திலேயே இருந்தது. மனைவிக்கு ஒரு நாளும் சிரமமில்லை.

நீங்களும் இறங்குவதானால், நிறம் பார்க்கக் கடைக்குப் போகுமுன் அடிப்பலகையைக் குத்திப் பாருங்கள்.