ஏரிக்கரை ரோட்டில் ஒரு ஹெரால்டு!

விடியற்காலை நாலே முக்கால். கோடம்பாக்கம் யுனைடெட் இந்தியா காலனிக்கு இன்னும் பால் வண்டிகூட வரவில்லை. பெரியப்பா சோக்கை இழுத்துவிட்டு சாவியைத் திருப்பினார். முதல் தடவை இருமல். இரண்டாவது தடவையும் இருமல். மூன்றாவது தடவை என்ஜின் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு ஜன்னலில் லைட் எரிய, அந்த ஜன்னலைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு கியரைப் போட்டார்.

வண்டி, 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தாத்தா வாங்கியது. 'டி.என்.' என்று தொடங்காத நம்பர் பிளேட். பின் சீட்டில் பெரியம்மா, மடியில் புளியோதரை டப்பா. முன் சீட்டில் நான். வேடந்தாங்கல் போகிறோம். ஜி.எஸ்.டி. சாலையில் போனால் இரண்டு மணி நேரம்தான். நாங்கள் போகப்போவது குன்றத்தூர், மணிமங்கலம், வாலாஜாபாத், உத்திரமேரூர் என்று சுற்றிக்கொண்டு. பெரியப்பாவின் பிடிவாதம் அது.

பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. அடுத்த மாதம் வண்டியின் ஆர்.சி. காலாவதி ஆகிறது. பெங்களூரில் இருக்கும் அண்ணன் ஒரு வழி சொன்னான். "விண்டேஜ்ல பதிவு பண்ணிடுங்கப்பா." 50 வயதைத் தாண்டிய கார்களுக்காக மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதி அது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அப்படிப் பதிவு செய்த காரைத் தினசரி உபயோகத்துக்கு ரோட்டில் எடுக்கக் கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க... அவ்வளவுதான். காய்கறி வாங்கப் போக முடியாது. வேடந்தாங்கலும் போக முடியாது.

சாதாரண காராகவே புதுப்பிக்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்ட வேண்டும். 20 வருடம் தாண்டிய கார்களுக்கான கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள்.

பெரியப்பாவுக்கு வயது 71. அவர் தனியாக வண்டி எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அண்ணன் 'விண்டேஜ்' என்கிறான். அது பெரியப்பாவுக்கும் தெரியும். "ரோட்டுல ஓட்டிப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டார். பெரியம்மா எந்தப் பக்கமும் பேசவில்லை. ஆனால், புளியோதரையோடு சேர்த்து பி.பி. மாத்திரையையும் எடுத்து வைத்திருந்தார்.

மெட்ரோ வேலையால் ஆற்காடு சாலை முழுக்கத் தடுப்புகள். தூக்கம் கலையாத வடபழனியைத் தாண்டும்போது ஏவி.எம். பக்கம் கை காட்டினார் பெரியப்பா. பழைய கார்களும் படப்பிடிப்புக் கருவிகளும் வைத்து 2023-ல் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். "எல்லாம் பளபளன்னு நிக்குது. எனக்கென்னவோ ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கிற மாதிரியே இருக்கு!"

குன்றத்தூர் தாண்டி சோமங்கலம் ரோட்டில் திரும்பியதும் ஊர் மாறிவிட்டது. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வயல், அங்கங்கே மனை விற்கும் போர்டுகள். மணிமங்கலம் வரும்போது சூரியன் ஏரிக்கு மேலே வந்திருந்தது. பல்லவ நரசிம்மவர்மனும் சாளுக்கியப் புலிகேசியும் 7-ம் நூற்றாண்டில் மோதிய ஊர். இப்போது டீக்கடையில் நாலு பேர் எங்கள் காரைப் பார்த்து மோதிக்கொண்டார்கள். "ஃபியட்டுடா!" "இல்லடா, மோரிஸ்!" பெரியப்பா இறங்கிப்போய்த் தீர்ப்பு சொல்லிவிட்டு டீயோடு வந்தார்.

ஹெரால்டை மறந்தது இந்த ஏரியாவுக்கு நியாயமே இல்லை. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் அதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961-லிருந்து அதைத் தயாரித்தது இங்கே பக்கத்தில், பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில்தான். வெளிநாட்டு ஹெரால்டுக்கு இரண்டு கதவு. நம் குடும்பங்களின் சைஸுக்காக நான்கு கதவு வைத்தது இந்தியாவில் மட்டும். என்ஜின் வெறும் 948 சி.சி. ஆனால், ஸ்டீயரிங்கை ஒடித்தால் இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்கள் காலனித் தெருவில் புது எஸ்.யூ.வி.க்கள் ரிவர்ஸ், முன்னால், ரிவர்ஸ் என்று தவிக்கும்போது பெரியப்பா ஒரே திருப்பில் போவார். அதில் அவருக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

ஒரகடத்தின் அகலச் சாலையில், கார் தொழிற்சாலைகளின் பேருந்துகள் எங்களைத் தாண்டிப் பறந்தன. நாங்கள் மணிக்கு 50. வாலாஜாபாத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பழையசீவரத்தில் பாலாற்றுப் பாலத்தின் மேல் ஏறினோம். ஆறு முழுக்க மணல், நடுவில் வெள்ளிக்கம்பி மாதிரி கொஞ்சம் தண்ணீர். அக்கரையில் திருமுக்கூடல். வேகவதியும் செய்யாறும் பாலாற்றோடு சேரும் இடம். பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கைகளோடு இயங்கிய மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. நிதானமாகச் சுற்றிவிட்டுக் கிளம்பினோம்.

சாலவாக்கம் பக்கம் வண்டி நின்றுவிட்டது.

பிப்ரவரி கடைசி, நல்ல வெயில். பெரியப்பா பதறவில்லை. ஹெரால்டின் பானெட் மேலே திறக்காது. மட்கார்டோடு சேர்த்து மூக்கு மொத்தமும் முன்பக்கம் கவிழும். கவிழ்த்துவிட்டு முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டார், திண்ணையில் உட்காருவதுபோல. "சூட்டுல பெட்ரோல் ஆவியாகிப் பைப்புல அடைச்சுக்குச்சு. ஈரத்துணி கொடும்மா." பெரியம்மா தன் துண்டை நனைத்துக் கொடுக்க, பெட்ரோல் பம்ப் மேல் போர்த்தினார். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு ரப்பர் குழாய்களையெல்லாம் ஏற்கெனவே மாற்றிவிட்டதாகவும் சொன்னார்.

இருபது நிமிடக் காத்திருப்பு. புளியமர நிழலில் கூட்டம் கூடிவிட்டது. ஆடு மேய்க்க வந்த ஒரு பாட்டி காரைத் தொட்டுப் பார்த்து, "எங்க பண்ணையார் வூட்ல இருந்துச்சு. கண்ணாலத்துக்கு இதுலதான் என்னைய கொண்டாந்து வுட்டாங்க" என்றார். ஒரு பையன், "அங்கிள், இதுக்கு சார்ஜ் எங்க போடணும்?" என்று கேட்டான். பெரியப்பா அவனுக்கு கார்புரேட்டர் பாடம் எடுத்தார். அவரை இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. பெரியம்மா என் காதருகில், "வீட்டுல இருந்தா டி.வி. ரிமோட்டோட மட்டும்தான் பேசுவார்" என்றார்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள். 919-ல் சபை உறுப்பினருக்கு வயது 30 முதல் 60 வரை என்று வைத்தவர்கள், 921-ல் 35 முதல் 70 என்று திருத்தியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் பெரியப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ எனக்கு ஒரு வருஷம் தாண்டிப்போச்சு" என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

வேடந்தாங்கலுக்கு நாலு மணிக்குப் போனது சரியான நேரம். இரை தேடப்போன பறவைகள் திரும்பும் வேளை. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா. 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்த ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் கேட்டு, பறவைகளைச் சுடத் தடை வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். 2022-ல் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது. பைனாகுலரைப் பெரியம்மா யாருக்கும் தரவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டதால் ஜி.எஸ்.டி. சாலைதான். பெருங்களத்தூரில் பெரியப்பா வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டாண்டர்டு தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளும். 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை இறக்கினார்கள். அது போணியாகவில்லை, சில வருடங்களிலேயே தயாரிப்பு நின்றுபோனது. ஒரு நிமிடம் என்ஜினை அணைக்காமலே நின்றுவிட்டுக் கிளம்பினோம்.

மறுநாள் காலை டைனிங் டேபிளில் புதுப்பிப்பதற்கான படிவம் 25 இருந்தது. கையெழுத்து போட்டாகிவிட்டது. அண்ணனிடம் போனில் பேசியது பெரியம்மாதான். "அஞ்சு வருஷத்துக்குத்தானேப்பா. தனியா போக விடமாட்டேன், நானும் கூடப் போறேன்."

பெரியப்பா வாசலில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.