எமாமா ஊட்டிய கவளம்

பிறநாடொன்றிலே சில காலம் வாழப் புறப்படுவோர் அந்நாட்டின் மொழியைப் பற்றி விசாரிப்பர்; குளிர் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு என்றும் விசாரிப்பர். அங்குள்ளோர் எவ்வாறு உண்பர், எவ்வாறு உபசரிப்பர் என்று விசாரிப்போர் மிகச் சிலரே. நானும் விசாரியாமலே புறப்பட்டவன். 2012ஆம் ஆண்டிலே எதியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில், கல்லூரியொன்றிலே கணிதம் கற்பிக்கும் பணி கிடைத்தபொழுது, என் பெட்டியில் முதலில் ஏறியது ஒரு பொதி குத்தரிசி. அடுத்தது, அம்மா வறுத்து இடித்துத் தந்த மிளகாய்த்தூள். இவ்விரண்டும் இருக்கும்வரை எந்நாட்டார் தயவும் வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

அந்த எண்ணத்தை முதல் நாளே அடுப்பு முறியடித்தது. அடிஸ் அபாபா கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,300 மீற்றர் உயரத்தில் இருப்பது. நம் நுவரெலியாவிலும் உயர்ந்த இடம். அங்கே காற்றின் அமுக்கம் குறைவாதலால், தண்ணீர் 92 பாகை அளவிலேயே கொதித்துவிடுகின்றது. உலை தளதளவென்று கொதித்தது. அரிசியோ ஒரு மணி நேரமாகியும் பல்லிலே கடிபட்டது.

வீட்டுச் சொந்தக்காரியான அம்மையார் அதே வளவில் முன்வீட்டில் இருந்தார். வயது முதிர்ந்த பெண்மணிகளை அம்ஹாரிக் மொழியில் 'எமாமா' என்று அழைப்பர். அச்சொல்லில் நம் 'அம்மா'வின் ஒலி கேட்டமையால் என் நாவுக்கும் அது எளிதாக வந்தது. வேகாத சோற்றை எட்டிப் பார்த்துச் சிரித்த எமாமா, "ஆசிரியரே, ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் உண்ண வாருங்கள்" என்றார்.

அந்தி மயங்கும் வேளை, நன்றாக உடுத்து, ஆறு மணிக்குச் சரியாகச் சென்றேன். கதவைத் திறந்த பேர்த்தி திகைத்து நின்றாள். எதியோப்பியர் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகின்றனர். நமது காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. ஆறு மணி என்றால் நண்பகல். உதயாதி நாழிகை கணக்கிட்ட முன்னோரின் வழிவந்த எனக்கு இது தோன்றாமற் போயிற்று. விருந்தினன் வரட்டும் என்று எமாமா அதுவரை உண்ணாமலே இருந்தார் எனப் பின்னர் அறிந்தேன். ஆயினும் ஒரு குறைசொல் இல்லை. பேர்த்தி செம்பிலே நீர் கொணர்ந்து என் கையில் வார்த்தாள், உணவைச் சூடாக்கினர்.

பின்னிய கூடைபோன்ற வட்ட மேசையொன்றின்மேல் பெரிய தட்டம் ஒன்றே வைக்கப்பட்டது. அதன் அகலம் முழுவதும் ஒரே 'இன்ஜெரா' விரிந்து கிடந்தது. டெவ் என்பது கசகசாவைப் போன்ற மிகச் சிறிய தானியம். அதன் மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, அகன்ற மண் ஓட்டிலே சுற்றி வார்த்து மூடிவைப்பர். நம் அப்பத்தைப்போலத் திருப்பிப் போடுவதில்லை. மேற்பக்கம் முழுவதும் சிறு துளைகள் கண் திறந்திருக்கும். நம் குரக்கனுக்கும் கிழக்காபிரிக்க மேட்டு நிலங்களே தாயகம் என்பதை எண்ணும்போது, இவ்வுணவு அத்துணை அந்நியமன்று. இன்ஜெராவின்மேல் பருப்பு வகைகளும், கடலைமாவுக் கூழான 'ஷிரோ'வும் குவிந்திருந்தன. மிளகாயோடு வெந்தயம், இஞ்சி, ஏலம் முதலியன சேர்த்து இடித்த 'பெர்பெரே' தூளின் மணம் எங்கள் வீட்டு அடுக்களையை நினைவூட்டியது.

நான் சைவன் என்று முன்னரே சொல்லியிருந்தேன். அந்நாட்டுக் கிறித்தவருள் பெரும்பாலோர் புதனும் வெள்ளியும் இறைச்சி, பால், முட்டை ஒன்றும் தொடாது நோன்பிருப்பர். ஆதலால் மரக்கறிச் சமையலில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். "இன்று ஞாயிறாயிற்றே, ஆசிரியருக்கு மட்டும் என்ன நோன்பு?" என்று பேர்த்தி கேட்டுச் சிரித்தாள்.

நானும் சிரித்துக்கொண்டிருந்த அவ்வேளையில்தான் அது நிகழ்ந்தது. தட்டத்தில் உண்டுகொண்டிருந்த எமாமா, இன்ஜெராத் துண்டொன்றிலே பருப்பை வைத்துச் சுருட்டி, அந்தக் கையாலேயே என் வாயருகில் நீட்டினார். எச்சில் பார்த்து வளர்ந்தவன் நான். பிறர் கடித்த மாங்காயைக்கூடத் தொடாதவன். என்னையறியாமல் முகத்தைத் திருப்பி, கையை உயர்த்தி, "வேண்டாம், நானே உண்பேன்" என்றேன். நீட்டிய கை சற்றுநேரம் அவ்வாறே நின்றது. பின்னர் எமாமா அக்கவளத்தைத் தட்டத்தின் ஓரத்திலே மெல்ல வைத்தார். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு மட்டும் குறைந்தது.

மறுநாள் கல்லூரியிலே நண்பரொருவர் விளக்கினார். அதன் பெயர் 'குர்ஷா'. விருந்தினருக்கும், மணமக்களுக்கும், ஊடல் தீர்ந்த நண்பருக்கும் கையால் ஊட்டுவது அங்கே அன்பின் அடையாளம். மறுப்பது அக்கையையே மறுப்பதாகும். அதன் பின்னர் எமாமா உணவு அனுப்பத் தவறவில்லை. ஆயின் மூடிய தட்டிலே தனியாக வந்தது. கூடை மேசைக்கு என்னை அழைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க அம்மொழியில் எனக்குச் சொற்கள் போதவில்லை.

கோப்பிக்கு மட்டும் அழைத்தார். அந்நாட்டிலே கோப்பியைத் தனியே குடிப்பது வழக்கமன்று. தரையிலே பசும்புல் பரப்பி, சாம்பிராணி புகைத்து, பச்சைக் கொட்டையைக் கழுவி நம் கண்முன்னே வறுப்பர். வறுபடும் புகையை ஒவ்வொருவரிடமும் கொண்டுவந்து முகரச் செய்வர். பின் இடித்து, 'ஜெபனா' என்னும் மட்பாண்டத்திலே காய்ச்சி, பிடியில்லாச் சிறு கிண்ணங்களில் வார்ப்பர். சுற்றுகள் மூன்று: அபோல், தோனா, பரக்கா. அதே தூளில் மீண்டும் நீர் விடுவதால் சுற்றுக்குச் சுற்றுக் கடுமை குறையும். பரக்கா என்றால் ஆசீர்வாதம். அதற்குமுன் எழுந்து செல்வது முறையன்று.

நம் மலைநாட்டிலும் தேயிலைக்கு முன் கோப்பியே பயிராயிற்று. தென்னிந்தியாவிலிருந்து நம் மக்கள் முதன்முதல் கொண்டுவரப்பட்டதும் கோப்பித் தோட்டங்களுக்கே. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அத்தோட்டங்களை இருபது ஆண்டுகளுக்குள் அழித்துவிட்டது. அக்கோப்பியினத்தின் தாயகம் எதியோப்பியாவின் தென்மேற்குக் காடுகள் என்பதை நான் அந்தப் புல் தரையில் இருந்தே அறிந்தேன்.

2013ஆம் ஆண்டு ஒரு விடியற்காலை யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி ஒலித்தது. அம்மா போய்விட்டார். எந்த விமானத்தில் ஏறினாலும் தகனத்துக்குப் போய்ச் சேர இயலாது. அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தேன். சொல்லாமலே செய்தி பரவிற்று. அவ்வூர்களில் அயலார் மாதந்தோறும் பணம் சேர்த்து நடத்தும் 'எடிர்' என்னும் சங்கங்கள் உண்டு. மரண வீட்டுக்குக் கூடாரமும் கதிரைகளும் பாத்திரங்களும் கொடுத்து உதவுவது அவற்றின் பணி. நான் அங்கத்தவன் அல்லன். ஆயினும் எமாமாவின் எடிரிலிருந்து கதிரைகள் வந்தன. அறிமுகமில்லாதோரும் வந்து மௌனமாக அமர்ந்தனர். இழவு வீட்டில் அடுப்பு மூட்டலாகாது என்று அயலாரே சமைத்துக் கொடுப்பது நம் வழக்கமன்றோ? அங்கும் அதுவே வழக்கம்.

மாலையாயிற்று. நான் எதையும் தொடவில்லை. எமாமா என் அருகில் அமர்ந்தார். இன்ஜெராவிலே பருப்பைச் சுருட்டினார். நீட்டவில்லை, கையிலே வைத்தபடி என் முகத்தையே பார்த்திருந்தார். "மகனே" என்றார். அதுவரை நான் அவருக்கு ஆசிரியர்தான்.

வாயைத் திறந்தேன். சிறு வயதில் அம்மா பழஞ்சோற்றைக் குழைத்து, கவளமாகத் திரட்டி, சுற்றியிருந்த எங்கள் கைகளிலே வைத்த ஞாபகம் வந்தது. கையில் வாங்கத் தெரியாத வயதிலே வாயில் வைத்த கையும் அதுதான். அன்று முதன்முறையாக அழுதேன். எமாமா இரண்டாம் கவளத்தையும் சுருட்டினார். ஒன்றோடு நிறுத்துவது நல்லதன்று என்பது அவர்கள் நம்பிக்கை.

நான் ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம் குடும்பங்களிலே பிறநாடு செல்லாத பிள்ளைகள் குறைவு. குத்தரிசியும் மிளகாய்த்தூளும் கொண்டு செல்லுங்கள், குற்றமில்லை. போய்ச் சேர்ந்ததும் அங்குள்ளோர் மணியை எவ்வாறு எண்ணுகின்றனர், அன்பை எவ்வாறு காட்டுகின்றனர் என்று கேட்டறிந்துகொள்ளுங்கள். எனக்கு அது ஓராண்டு பிந்தியே தெரிந்தது.

இன்றும் எங்கள் வீட்டிலே பழஞ்சோறு குழைக்கும் நாட்களில், சட்டியின் கடைசிச் சோற்றை நான் பிள்ளைகளின் கையில் கொடுப்பதில்லை, வாயில் ஊட்டுவேன். ஒன்றோடு நிறுத்துவதுமில்லை.