கடலோரத்தில் மனை வாங்கப் போகிறீர்களா?

எங்கள் பக்கத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போனால் மனை விற்பனை விளம்பரப் பலகைகள் வரிசையாகக் கண்ணில் படும். "கடல் காற்று வாங்கலாம், ராமேஸ்வரம் பக்கம், இன்றே முந்துங்கள்" என்று எழுதி, தென்னை மரமும் சாய்வு நாற்காலியுமாக ஒரு படம் போட்டிருப்பார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் இருக்கும் உப்பூர்தான் நான் வாழ்க்கைப்பட்ட ஊர். வந்து இருபத்து மூன்று வருஷமாகிறது. அந்தத் தென்னந்தோப்பை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்! எங்களுக்கு வாய்த்தது பனையும் சீமைக் கருவேலமும்தான்.

ஊரைக் கேலி செய்வதாக நினைக்காதீர்கள். நாலு குடும்பம் புதிதாக வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

மதுரையில் இருக்கும் என் தங்கை தை மாசம் போன் பண்ணினாள். "அக்கா, உங்க ஊருக்குப் பக்கத்துல கடலை ஒட்டி பிளாட் போட்டிருக்காங்களாம். இவர் அஞ்சு சென்ட் வாங்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறார். மகளுக்குன்னு வச்சிருக்கிற பன்னெண்டு பவுனை அடகு வச்சு முன்பணம் கட்டிடலாங்கிறார். நீ என்ன சொல்றே?"

பவுன் என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆண்களுக்கு அது ஒரு தொகை. நமக்கோ எந்த வளையல் எந்தச் சீட்டு எடுத்து வாங்கியது, எந்தத் தீபாவளிக்குப் புடவை வேண்டாம் என்று மிச்சம் பிடித்தது என்பது வரைக்கும் மனப்பாடம். வேண்டாம் என்றால் தங்கை வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல்; வாங்கு என்றால் நாளைக்குப் பழி என் தலையில். "இப்போ வராதே. சித்திரைக் கடைசியில ரெண்டு பேரும் வந்து நாலு நாள் தங்குங்க, அப்புறம் பேசுவோம்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். தையில் வந்தால் கண்மாய் நிறைந்து, வயல் பச்சையாக, பார்க்கிறவர்கள் மயங்கிப் போவார்கள். மனை விற்கிறவர்களும் அப்போதுதான் காரில் ஆள் கூட்டி வருவார்கள். சித்திரையில் அதே கண்மாய்க்குள் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும்.

வந்தார்கள். முதல் நாள் காலையிலேயே தங்கை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். தெருவில் பெண்கள் ஏழெட்டுக் குடம் அடுக்கிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இந்தக் குடவண்டி எங்கள் மாவட்டத்துக்கே அடையாளம். திருச்சிப் பக்கம் காவிரியிலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகு நிலைமை எவ்வளவோ தேவலை. என் மாமியார் காலத்தில் கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்ப அரை நாள் போகுமாம். இப்போதும் குழாயில் வராத நாள் உண்டு. அன்றைக்கு விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஊர்ப் பேரிலேயே உப்பு இருக்கிறதே, நிலத்தடித் தண்ணீரில் இல்லாமல் போகுமா?

அன்று சாயங்காலம் மனையைப் பார்க்கப் போனோம். அங்கே இருந்த தரகர், "போர் போட்டாச்சும்மா, தண்ணி கற்கண்டு மாதிரி" என்றார். நான் வாக்குவாதம் செய்யவில்லை. கையோடு கொண்டுபோன பாட்டிலில் பிடித்து வந்து, ராத்திரி அந்தத் தண்ணீரில் ஒரு ஆழாக்குத் துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகப் போட்டேன். ஒன்றேகால் மணி நேரம். பருப்பு முழுசு முழுசாகத் துள்ளிக்கொண்டிருந்தது! பக்கத்து அடுப்பில் காவிரித் தண்ணீரில் போட்டது எப்போதோ குழைந்துவிட்டது. தங்கை வீட்டுக்காரர் இரண்டையும் கரண்டியால் நசுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்தார். சகோதரிகளே, எந்த ஊரில் மனை பார்த்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அந்தத் தண்ணீரில் துணிக்குச் சோப்பு நுரைக்கிறதா என்றும் பாருங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் இதைவிடப் பெரிய விஷயம் வேறென்ன?

மறுநாள் கடல் பக்கம் போனோம். அலை ஏறிப் பாசி ஒதுங்கிய இடத்திலிருந்து மனைக் கல் வரை நான் எட்டு வைத்து நடந்தேன். நூற்று இருபது எட்டுகூடத் தேறவில்லை. எங்களைப் போன்ற கிராமப்புறக் கடற்கரைகளில், பொதுவாக, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புது வீடு கட்ட விதி இடம் கொடுப்பதில்லை. அந்தக் கோடு எங்கே போகிறது என்பதற்கு அரசாங்க வரைபடம் இருக்கிறது. என் எட்டுக் கணக்கு அதற்கு ஈடாகாது. ஆனால் சந்தேகப்பட அது போதும். பத்திரம் பதிந்தாலும் வீடு கட்ட முடியாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குடையும் சாய்வு நாற்காலியும் வேண்டுமானால் போடலாம்.

இன்னொன்று. எட்டு மனைக்கும் 500 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட மனைப் பிரிவாக இருந்தால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்து, அந்த எண்ணை விளம்பரத்திலேயே போட வேண்டும். நோட்டீஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தோம். பிள்ளையார் படம் இருந்தது, எண் இல்லை.

"மதினி, விமான நிலையம் வரப்போகுதாம், இன்னிக்கு விட்டா விலை பறந்துடும்" என்றார் தங்கை வீட்டுக்காரர். வரட்டும், நல்லதுதான். ஆனால் 'வரப்போகுது' என்ற வார்த்தையை எங்கள் ஊர் ஏற்கெனவே கேட்டிருக்கிறது. உப்பூரில் 800 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகளாக 1600 மெகாவாட் அனல் மின் நிலையம் வருவதாக இருந்தது. 2016இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்து வேலை தொடங்கியது. கடலுக்குள் பாலம் கட்டினால் தொழில் போய்விடும் என்று மீனவர்களும், கண்மாய்க்கு நீர் வரும் ஓடைகள் அடைபடும் என்று விவசாயிகளும் போராடினார்கள். 2021இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது. அதன் பிறகு மின் வாரியம் திட்டத்தை இங்கிருந்து மாற்ற முடிவு செய்தது; பாதி எழும்பிய நிலையில் வேலை நின்றது. நல்லதா கெட்டதா என்று கேட்டால் ஊரில் இரண்டு பேச்சும் உண்டு. எனக்குக் கடல் தப்பித்ததில் நிம்மதி. ஆனால் வேலையாட்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று கடன் வாங்கி நாலு அறை கட்டிய எங்கள் தெரு அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த அறைகளில் இப்போது ஆடு கட்டியிருக்கிறாள்.

அப்படியானால் இங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். ஏன் இல்லாமல்? எங்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் 'பெண் கடல்' என்பார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் 'ஆண் கடல்'. ஆழம் குறைவு, ஆர்ப்பாட்டம் குறைவு. (பெண் பேரை வைத்துவிட்டதால் எப்போதும் பொறுத்துப் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்ன ஆயிற்று என்று எல்லாருக்கும் தெரியும்.) காலையில் கரைக்குப் போனால் நண்டு, சூடை, காரல் எல்லாம் துள்ளத் துள்ளக் கிடைக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு, காரல் சொதி என்று என் மாமியார் செய்து போட்ட பத்தியச் சாப்பாட்டை எந்த ஊரிலும் நான் சாப்பிட்டதில்லை. வெயிலுகந்த விநாயகர் கோயில் இருக்கிறது. ராமர் இலங்கைக்குப் போகும் முன் வணங்கிய பிள்ளையார் என்பது தல வரலாறு. வெயிலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்களைப் போலத்தான்.

பணம் போடுகிறவர்களுக்கும் வழி உண்டு. பக்கத்துக் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போகிறார்கள்; ஊர்க்காரர்களே படகு விடுகிறார்கள், பெண்கள் நண்டும் மீனும் சமைத்துப் போடுகிறார்கள். எங்கள் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருவாட்டையும் மிளகாயையும் சுத்தமாகக் காயவைத்துக் கட்டி விற்க ஒரு குழுவுக்கு முதல் போடுகிறவர் வந்தால், நானே மாலை வாங்கிப் போடுவேன்.

நாலாம் நாள் கிளம்பும்போது தங்கை வீட்டுக்காரர், "மதினி, பவுன் பெட்டியிலேயே இருக்கட்டும். ஆனா ஊரு எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். ஐப்பசி அடைமழையில் ஒரு மாசம், அடுத்த சித்திரையில் ஒரு மாசம் வாடகைக்கு இருந்து பார்க்கலாம் என்று பேச்சாகியிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு ஓட்டு வீடு காலியாக இருக்கவே போய்க் கேட்டேன். வீட்டுக்கார அம்மா வாடகையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "குடவண்டி அவுகளே கொண்டு வருவாகளா, இல்ல நான் குடுக்கணுமா?" என்றுதான் கேட்டார்.