தலைக்கு மேல் துப்பாக்கி

பாரீஸில் இருந்த நான்கு நாளில் ஒன்றை லெ பூர்ஜே விமான அருங்காட்சியகத்துக்கென ஒதுக்கியிருந்தேன். போய் நின்றது திங்கட்கிழமை. திங்கள் விடுமுறை. என் மகள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மறுபடியும் ரயில், மறுபடியும் 152ஆம் எண் பேருந்து.

1927இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து இறங்கிய இடம் இது. அதையெல்லாம் நின்று பார்க்க எனக்குப் பொறுமையில்லை. நான் தேடி வந்தது முதல் உலகப் போரின் பிரெஞ்சுப் போர் விமானம், நியூபோர் 11.

"இதுவா சண்டை போட்டுச்சு?" என்றாள் மகள்.

கேட்டதில் தப்பில்லை. மரச்சட்டம், மேலே இழுத்துக் கட்டிய துணி, நுனிக்கு நுனி ஏழரை மீட்டர் இறக்கை. பிரெஞ்சுக்காரர்களே இதை 'பெபே' என்றுதான் கூப்பிட்டார்கள், கைக்குழந்தை. குஸ்தாவ் தெலாஜ் பந்தயத்துக்காக வரைந்த விமானத்திலிருந்து பிறந்தது. போர் வந்தது, பந்தயம் நின்றது, குழந்தையின் தலையில் துப்பாக்கியை ஏற்றிவிட்டார்கள்.

தலையில் என்றால் நிஜமாகவே தலையில். 1915இல் ஜெர்மனியின் ஃபோக்கர் விமானம், சுழலும் விசிறியின் இலைகளில் படாமல் இடைவெளியில் சுடக் கற்றுக்கொண்டது. பிரான்சுக்கு அந்த வித்தை அப்போது சரியாகக் கைவரவில்லை. ஸ்பாட் நிறுவனம் கண்ட வழி விபரீதமானது: சுடுகிறவரையே விசிறிக்கு முன்னால் ஒரு கூண்டில் உட்கார வைத்தார்கள்! நியூபோரில் லூயிஸ் துப்பாக்கியை மேல் இறக்கைக்கும் மேலே பொருத்தி, குண்டு விசிறியைத் தாண்டிப் போகும்படி செய்தார்கள். வட்டத் தட்டில் 47 தோட்டா. சில நொடியில் காலி. அப்புறம் விமானி கட்டுப்பாட்டுத் தண்டை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, எதிர்க்காற்றில் கையை உயர்த்தித் தட்டை மாற்ற வேண்டும். நானும் கையைத் தூக்கிப் பார்த்தேன். காவலாளி முறைத்ததும் இறக்கிக்கொண்டேன்.

எஞ்சின் 80 குதிரைத்திறன் லெ ரோன். விசிறியோடு சேர்ந்து எஞ்சினும் முழுசாகச் சுழலும். அதற்கு ஊற்றியது விளக்கெண்ணெய், பெட்ரோலோடு எளிதில் கலக்காது என்பதால். எரிந்தது போக மிச்சமெல்லாம் புகையும் சாரலுமாக விமானியின் மூக்குக்கும் வாய்க்கும் போகும். பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றியதைக் குடித்து வளர்ந்த எனக்கு, அதன் பின்விளைவை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் 1916இல் வெர்தன் போர்க்களத்தின் வானத்தில் ஃபோக்கரின் கொட்டத்தை அடக்கியது இந்தக் குழந்தைதான். மே மாதம் இறக்கைகளுக்கு இடையிலுள்ள கம்பங்களில் குச்சி வைத்த ராக்கெட்டுகளைக் கட்டி, ஜெர்மன் உளவு பலூன்களைக் கொளுத்தினார்கள். அசல் தீபாவளி ராக்கெட். பலவீனமும் இருந்தது: கீழ் இறக்கை ஒடுக்கம், உள்ளே ஒரே சட்டம். வேகமாகக் குப்புறப் பாய்ந்தால் முறுக்கிக்கொள்ளும்.

அதே அருங்காட்சியகத்தில் அடுத்த தலைமுறையும் இருக்கிறது: ஸ்பாட் 7, 1916இல் லூயி பெஷெரோ வடிவமைத்தது. சுழலாத இஸ்பானோ-சுய்சா எஞ்சின். பக்கவாட்டில் 'கிழட்டுச் சார்ல்' என்று பிரெஞ்சில் பெயர். ஓட்டிய கினெமெருக்கோ வயது 22. நோஞ்சான் என்று ராணுவம் முதலில் திருப்பி அனுப்பிய பையன். 53 விமானங்களை வீழ்த்தியவன். 1917 செப்டம்பர் 11 அன்று பெல்ஜியத்தின் போல்கபெல் அருகே வேறொரு ஸ்பாட்டில் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

மகள் வெகுநேரம் ஸ்பாட்டின் மூக்குப் பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதுல துப்பாக்கி கண்ணுக்கு நேரா இருக்கு. கையைத் தூக்க வேண்டாம்."