இருபதில் மூன்றாவது

மதுரையில் எனக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் தொழில். கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் மஞ்சப்பையும்தான் சோறு போட்டன. ஓவியமென்று ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசை வெகுகாலம் உள்ளே கிடந்தது.

ஊரையே எடுத்துக்கொண்டேன். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்கு வெளியே சதுரமாக விரியும் ஊர் இது. கோபுரம் வேண்டாம், யானை வேண்டாம், வீதிகள் மட்டும் வண்ணப் பட்டைகளாக இருந்தால் போதும் என்று தோன்றியது. அளந்து வைத்த சதுரமாகவும் போடவில்லை. சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில்தான். தேர் திரும்பும்போது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், எந்த மூலையும் சரியான மூலை இல்லை.

ஒரு வீதிக்கு ஒரு ஸ்கிரீன், ஒரு வண்ணம். சில்க் ஸ்கிரீன் என்று சொன்னாலும் சில்க் பெயரில்தான். இன்று சட்டத்தில் இழுத்துக் கட்டுவது பாலியெஸ்டர் வலை. அதில் எமல்ஷன் பூசி, ஃபிலிம் வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகும். படாத இடம் தண்ணீரில் கரைந்து வழி விடும். அந்த வழியாக ஸ்குவீஜியால் மையை இழுக்க வேண்டும். ஊடு தெரிகிற மையாகக் கலக்கியிருந்தேன். ஆவணி மூல வீதி மஞ்சள்மேல் மாசி வீதிச் சிவப்பு ஏறிய இடத்தில், நான் கலக்காத ஒரு செம்மண் நிறம் வந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மொத்தம் 20 தாள். ஒவ்வொன்றின் கீழும் இடது மூலையில் பென்சிலால் 1/20, 2/20 என்று எழுதி, வலது பக்கம் கையெழுத்திட்டேன். முதல் எண் தாளுக்கு உரியது. இரண்டாவது எண் வாக்கு: இதற்குமேல் அடிக்க மாட்டேன் என்பது. அடித்து முடித்ததும் ஸ்கிரீனைக் கழுவி எமல்ஷனை அழித்துவிட வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. பரணில் ஏற்றி வைத்தேன்.

இருபதும் விற்றன. மூன்றாவதை வாங்கியவர் ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார். இரண்டு தவணையாகப் பணம் கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து ஒரு விடுதிக்காரர் 6 தாள் கேட்டார். கடை வாடகை மூன்று மாதம் பாக்கி. ஓவியர் தனக்கென்று ஒன்றிரண்டு தாள் எடுத்து ஏ.பி. என்று எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. பரணிலிருந்து ஸ்கிரீன்களை இறக்கி அடித்து, ஆறையும் அந்த வழக்கத்துக்குள் நுழைத்தேன்.

ஒரு மத்தியானம் வாத்தியார் வந்தார். கையில் பழைய வேட்டியில் சுற்றிய ஃபிரேம்.

"ஒரு ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன் தம்பி. அங்க ஆறு மாட்டிருக்கு. மாசி வீதிச் சிவப்பு கொஞ்சம் கறுத்துருக்கே, மை புதுசா கலக்குனீங்களா?"

ஏ.பி. பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கேட்டுக்கொண்டார். பிறகு ஃபிரேமின் பின்பக்க ஆணிகளை அவரே ஒவ்வொன்றாக நிமிர்த்தி, தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுல 20ஐ அழிச்சிட்டு 26னு எழுதிக் குடுத்துருங்க. சரியா இருக்கட்டும்."

குரலில் கோபம் இல்லை. ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். கனத்த பருத்தித் தாள். கரி போனது, பென்சில் அழுத்திய பள்ளம் போகவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் 20 அப்படியே தெரிந்தது. அதன்மேல் 26 எழுதினேன். 6ஐ வளைக்கும்போது பழைய சுழியின் பள்ளத்தில் முனை தடுக்கியது. என் கை நடுங்கியதை அவர் பார்த்தார்.

தாளை வாங்கிச் சுற்றிக்கொண்டு கிளம்பினார். பணம் கேட்கவில்லை. அதன்பிறகு கடைப் பக்கம் வரவும் இல்லை.

அன்று சாயங்காலமே நாலு ஸ்கிரீனையும் கழுவினேன். எமல்ஷன் கரைந்து ஓடியது, மாசி வீதி மட்டும் மைக்கறையாக வலையில் நின்றது. மற்ற 19 பேரையும் தேடத் தொடங்கினேன். 15 பேரிடம் நேரில் சொன்னேன். 9 பேர் தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டார்கள். வாடகைக்கென்று வந்த பணத்தைப்போல இரண்டு மடங்கு போனது. விடுதிக்காரர் மட்டும், இதில் என்ன தப்பு என்றார்.

நாலு பேரை இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் வீட்டுச் சுவரில் அந்த வீதிகள் இருந்தால், இடது மூலையைப் பாருங்கள். 20 என்று இருக்கும். அது 26. கொண்டு வாருங்கள், பணத்தைத் தந்துவிடுகிறேன்.