செக்கனில் நூறிலொன்று

வன்னிப் பெருநிலப்பரப்பில் ஆண்டின் முதலாந் தவணை இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குரிய காலமாகும். கிளிநொச்சியிலாயினும் முல்லைத்தீவிலாயினும் வவுனியாவிலாயினும், மாரி ஓய்ந்து மண் இறுகும் அந்நாள்களிற் பாடசாலை மைதானங்களிலே சுண்ணாம்புத் தூளாற் சுவடுகள் வரையப்படுகின்றன. இல்லங்கள் தத்தம் நிறத்தில் வாயிலும் பந்தலும் அமைக்கின்றன. குண்டெறிதலின்போது கதைத்துக்கொண்டிருந்த பெற்றோரும் நூறு மீற்றர் ஓட்டம் அறிவிக்கப்பட்டதும் எழுந்து கயிற்றருகே வந்து நிற்பர். பதினைந்து செக்கனுள் முடிந்துவிடும் நிகழ்ச்சிக்காக ஓராண்டு காத்திருத்தல் விந்தையே. ஆயினும் அப்பதினைந்து செக்கனை அளப்பவர் யார், அளந்தது எங்கே எழுதி வைக்கப்படுகின்றது என்பன அதனினும் ஆராயத்தக்க வினாக்களாகும்.

உயரம் பாய்தலில் இவ்வினாக்கள் எழுவதில்லை. 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது பொற்பதக்கத்தை ஈட்டித் தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் தாண்டிய உயரத்தை அளவுகோல் கூறிவிட்டது. கோல் விழவில்லை, அவ்வளவே. குறுந்தூர ஓட்டத்தின் நிலை வேறு. ஒலி நூறு மீற்றரைக் கடப்பதற்குச் செக்கனிற் பத்தில் மூன்று பங்களவு செல்லும். ஆதலால் முடிவெல்லையில் நிற்கும் நேரக்கணிப்பாளர் வெடியொலியைக் கேட்டன்றி, துவக்கின் புகையைக் கண்டே நிறுத்தற்கடிகாரத்தை இயக்குதல் வேண்டும். துவக்கில்லாத பாடசாலையில் இரு பலகைகளை ஒன்றோடொன்று அடிப்பர். அவை சேருங் கணத்தைக் கண் பற்றிக்கொள்ள வேண்டும். (வன்னியின் பிள்ளைகள் வெடியொலி கேட்டதும் நிலத்திற் படுக்கப் பழகிய ஆண்டுகளும் இருந்தன. அவ்வாண்டுகளிற் பலகையே பொருத்தமாக இருந்திருக்கும்.) எத்துணைத் தேர்ந்த கையும் சிறிது பிந்தியே கடிகாரத்தை இயக்கும். அதனாற் கைக்கணிப்பு நேரத்தோடு 0.24 செக்கனைக் கூட்டியே நூறு, இருநூறு மீற்றர் ஓட்டங்களை மின்கணிப்போடு ஒப்பிடுவது வழக்கம். 1977 தொடக்கம் குறுந்தூர உலக சாதனைகளுக்கு மின்கணிப்பு மட்டுமே ஏற்கப்படுகின்றது. முதுகிற் படும் காற்றும் செக்கனுக்கு இரண்டு மீற்றருக்கு மேற்படலாகாது. வலயப் போட்டியும் மாகாணப் போட்டியும் நடைபெறும் சோளகக் காலத்தில் இவ்விதியை நினைப்போர் நகைக்கவே செய்வர்.

கருவி இத்துணைத் துல்லியமாக வேண்டப்படுவதன் காரணத்தை அறிய 1966 ஆம் ஆண்டு பாங்கொக் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவை நோக்கலாம். நூறு மீற்றர் இறுதி ஓட்டத்தில் மலேசியாவின் மணி ஜெகதீசனும் சிங்கப்பூரின் கனகசபை குணாளனும் ஒருசேர எல்லையைக் கடந்தனர். இருவருக்கும் கிடைத்த நேரம் 10.5 செக்கன். நிழற்படமே ஜெகதீசனுக்குப் பொன்னையும் குணாளனுக்கு வெள்ளியையும் பிரித்துக் கொடுத்தது. ஜெகதீசன் மருத்துவர், அவ்விழாவிலே இருநூறு மீற்றரிலும் அஞ்சலோட்டத்திலும் பொன் வென்றவர். 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இருநூறு மீற்றரை 20.92 செக்கனில் அவர் ஓடிய ஓட்டம் 2017 வரை மலேசியாவின் தேசிய சாதனையாக நின்றது. குணாளன் அதே ஒலிம்பிக்கில் நூறு மீற்றரை 10.38 செக்கனில் ஓடினார். முப்பத்து மூன்று ஆண்டுகளின் பின், 2001 இல், யூ. கே. ஷியாம் அதனை முறியடித்து ஓடிய நேரம் 10.37. ஒரு தலைமுறைக் காலம் முயன்று ஒரு நாடு குறைத்தது செக்கனில் நூறிலொரு பங்கையே.

இலங்கைக்கும் இந்த நூறிலொன்று அந்நியமானதன்று. 2000 ஆம் ஆண்டு சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க இருநூறு மீற்றரை 22.28 செக்கனில் ஓடி மூன்றாமிடம் பெற்றார். அவருக்கு முன் வந்த பஹாமாஸ் வீராங்கனையின் நேரம் 22.27. முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2007 இல் ஒப்புக்கொண்டதன் பின்னரே சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. ஓட்டம் முடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் முடிவைத் திருத்த இயன்றமைக்கு, எழுதி வைக்கப்பட்ட எண்ணே காரணம். 2022 யூலை 3 ஆந் திகதி சுவிற்சர்லாந்தில் யுபுன் அபேகோன் 9.96 செக்கனில் ஓடி, பத்துச் செக்கனுக்குட் சென்ற முதலாவது தெற்காசியரானதும் அத்தகைய ஏட்டில் ஒரு வரியே.

இனி, யாவரும் அறிந்த எண்ணுக்கு வருவோம். 2009 ஓகத்து 16 ஆந் திகதி பெர்லின் நகரில் உசைன் போல்ற் நூறு மீற்றரை 9.58 செக்கனில் ஓடினார். சரியாக ஓராண்டின் முன் பெய்ஜிங்கில் ஏற்படுத்திய தம் சாதனையையே 0.11 செக்கனாற் குறைத்தார். அன்றிரவு அவர் வைத்த அடிகள் நாற்பத்தொன்று என்பதுவரை உலகம் எண்ணி வைத்திருக்கின்றது. அதே நாளில் வன்னி மக்கள் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வவுனியாவின் செட்டிகுளம் மனிக் பாம் முதலிய முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தனர். போர் முடிந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. அதற்கு முந்திய மாதங்களிற் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையும் அம்மக்கள் வைத்த அடிகளை எண்ணினோர் எவருமிலர். முகாமில் நூறு மீற்றர் நீளமான வெற்றுநிலம் அரிது. ஓடியவர்கள் பெரும்பாலும் தண்ணீர்ப் பவுசரை நோக்கியே ஓடினர். மனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது.

இடம்பெயரும் பாடசாலை முதலிற் கைவிடுவது கதிரை மேசைகளை; அடுத்து நூலகத்தை. மாணவர் இடாப்பையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் அதிபர் ஒருவாறு சுமந்து செல்லக்கூடும். இல்லப் போட்டிச் சாதனைகள் எழுதிய பதிவேட்டை எவர் சுமப்பார்? அதனை விட்டுச் சென்றோரைக் குறைகூறுதல் தகாது. ஆனால், மீளக் குடியேறிய பின் நிகழ்ச்சி நிரல் அச்சிடும்போது ‘முன்னைய சாதனை’ என்ற நிரல் வெறுமையாய் நிற்கும். பழைய ஏடு இல்லாதவிடத்து முதற் போட்டியில் முதலாவதாக வந்தவரின் நேரமே பாடசாலைச் சாதனையாகின்றது. பதின்மூன்று செக்கனில் ஓடிய சிறுவன் சாதனையாளனாகின்றான். இருபது ஆண்டுகளின் முன் பன்னிரண்டில் ஓடியவர் பார்வையாளர் வரிசையில் நின்று கைதட்டுகின்றார்.

வயது ஓட்டத்தை நிறுத்திவிடுவதில்லை என்பதற்கு முல்லைத்தீவே சான்று தந்துள்ளது. 2023 நவம்பரிற் பிலிப்பைன்சில் நடைபெற்ற 22 ஆவது மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தபவன் தமது 72 ஆவது வயதில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவுநடையிலும் பொற்பதக்கங்களையும் 800 மீற்றரில் வெண்கலத்தையும் வென்றார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு உப்புநீர் விளக்கேற்றும் ஊர் என்றே அதுவரை முள்ளியவளையை அறிந்திருந்த வெளியூரார் பலர் அன்று அப்பெயரைச் செய்தித்தாளில் வேறு காரணத்துக்காகப் படித்தனர்.

எல்லோருக்கும் அவ்வாய்ப்பு வருவதில்லை. ஐம்பதைக் கடந்த வன்னியார் ஒருவர் தாம் மாவட்டத்தில் முதலாவதாக ஓடியதைக் கூறும்போது சான்றிதழைக் காட்டுவதில்லை. அது நந்திக்கடற் கரையில் எங்கோ போயிற்று. பிள்ளைகள் புன்னகை செய்வர். அவர் கூறும் நேரத்தை நம்பாது விடலாம். கைக்கணிப்புத்தானே, ஆண்டுதோறும் சிறிது குறைந்தும் வந்திருக்கும். ஆனால் தமக்கு அடுத்து வந்தவனின் பெயரையும், அவன் எந்தச் சுவட்டில் ஓடினான், எவ்விடத்தில் தம்மை நெருங்கினான் என்பதையும் அவர் கூறுவாராயின் அதனை நம்பலாம். வென்றவர் நேரத்தை மிகைப்படுத்துவர். இரண்டாமவனின் பெயரை மிகைப்படுத்த ஒருவராலும் இயலாது. அவ்வாறு கூறப்படும் பெயர்களுட் சில 2009 இன் பின் வேறெந்த ஏட்டிலும் இல்லை.

நிகழ்ச்சி நிரலின் வெறுமையான நிரலை நிரப்ப அப்பாடசாலைகளின் பழைய மாணவரைக் கேட்கலாம். கிடைக்கும் நேரங்களை ‘கைக்கணிப்பு, நினைவிலிருந்து’ என்ற குறிப்போடு அச்சிடலாம். இரண்டாவதாக வந்தவரின் பெயரையும் சேர்த்து அச்சிடலாம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வரிதான் கூடும்.