நராராவின் பவளக் கரை

ஓகாவிலிருந்து தூத்துக்குடிக்கு வாரம் ஒருமுறை செல்லும் விவேக் விரைவு வண்டியைக் குஜராத்தில் வாழும் நம்மவர் நன்கு அறிவர். அவ்வண்டியின் இரு முனைகளிலும் பவளம் வளர்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. தென்முனையில் மன்னார் வளைகுடா. வடமுனையில் கட்ச் வளைகுடா. தெற்கே பவளத்தைக் காணப் படகு வேண்டும். இங்கோ கடல் வற்றும் வேளையில் நடந்தே சென்று காணலாம்.

ஜாம்நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், வாடினாருக்கு அருகே உள்ளது நராரா. ரயிலில் வருவோர் கம்பாலியாவில் இறங்கிச் சாலை வழியே செல்லலாம். இக்கடற்பகுதி 1980-ல் சரணாலயமாகவும், 1982-ல் அதன் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டன. வனத்துறையின் அனுமதிச் சீட்டு அவசியம். அதனினும் அவசியம் ஓத அட்டவணை. சென்னையில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டர் அளவே. இவ்வளைகுடாவின் கிழக்கே, நவ்லக்கியில், அது ஏழு மீட்டர் வரை செல்லும். வண்டியைத் தவறவிட்டோர் நிலையத்தில் காத்திருக்கலாம். ஓதத்தைத் தவறவிட்டோர் வெறும் நீரைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

சென்ற குளிர்காலத்தில் நாங்கள் நான்கு குடும்பத்தினர் சென்றிருந்தோம். நீர் விலகிய பாறைப் பரப்பில் ஆங்காங்கே குட்டைகள். அவற்றுள் மூளையைப் போல் மடிப்புடைய பவளங்கள், கடற்சாமந்திகள், நண்டுகள், ஒரு பேத்தை மீன். வழிகாட்டி அதனைக் கையில் எடுத்ததும் அது பந்தைப் போல் உப்பியது. குழந்தைகள் கைதட்டினர். எனக்கு அது பிடிக்கவில்லை. அஞ்சி உப்பும் உயிரை வேடிக்கைப் பொருளாக்குவது முறையன்று.

எங்களுடன் வந்த சிறுவன் ஒருவன், “மாமா, இந்தப் பவளத்தில் ஒரு துண்டு எடுத்துச் சென்று எங்கள் வீட்டு மீன்தொட்டியில் வைக்கலாமா?” என்றான். பல வீடுகளில் எழக்கூடிய கேள்வி அது. ஆதலால் சற்று விரித்துரைக்கிறேன்.

பவளம் கல்லன்று. நுண்ணிய உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடிக் கட்டிய வீடு அது. பவளப் பூச்சி என்று நாம் வழங்கும் அவ்வுயிரின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெயிலைக்கொண்டு உணவு சமைத்துத் தருகிறது. நீர் மிகச் சூடானால் பாசி வெளியேறும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். வண்ணாத்தி மீன் பூச்சியைக் கொத்தித் தின்னும். கிளிமீனும் பேத்தையும் அலகு போன்ற பற்களால் பாறையையே கடிக்கும். களவா பவளத்தைத் தீண்டாது. ஆனால் சிறு மீனையும் நண்டையும் விழுங்கிவிடும். அந்நண்டுகளில் சில, பவளக் கிளைகளில் தங்கிப் பகைவரை விரட்டும் காவற்காரர்கள். மேலும், இறைச்சி தின்னும் மீன்களின் கழிவு நீரில் சேர்ந்தால் வேண்டாத பாசி தழைத்துப் பூச்சிகளை மூடிவிடும். கடலில் நாளுக்கு இருமுறை ஓதம் வந்து அனைத்தையும் கழுவிச் செல்கிறது. தொட்டியிலோ அவ்வேலையை மனிதன் செய்ய வேண்டும்: நீர் மாற்றுதல், உப்பளவும் வெப்பமும் நிலையாக வைத்தல், தக்க ஒளி, ஓயாத நீரோட்டம். களவாவையும் பவளத்தையும் ஒரே தொட்டியில் வைப்பவருக்கு வேறு பொழுதுபோக்கு இராது.

இவையனைத்தும் ஒருபுறம் இருக்க, சட்டமும் இடந்தராது. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் புலிக்கு நிகரான காப்புப் பெற்றுள்ளன. செத்த துண்டைக்கூடக் கொண்டுவருதல் குற்றம். காரணமின்றி வந்த சட்டமன்று அது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டினர். அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன.

இதனைக் கேட்ட சிறுவன், “அப்படியென்றால் நம் ஊர்ப் பக்கத்திலும் இது இருக்கிறதா?” என்று வியந்தான். இங்கே பிறந்தவன், தூத்துக்குடியைக் கண்டதில்லை.

செல்ல விரும்புவோர் குளிர்காலத்தில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தேர்ந்துகொள்க. கான்வாஸ் காலணி இன்றிப் பாறையில் நடக்கலாகாது. உயிருள்ள பவளத்தின்மேல் கால் படாமல் மணற்பாங்கான இடம் பார்த்து நடக்க வேண்டும். குடிநீர் கையோடு கொண்டு செல்க. நீர் திரும்பத் தொடங்குமுன் கரையேறிவிடுதல் நலம். சமதளமாதலால் அது விரைந்து வந்து சூழ்ந்துகொள்ளும்.